கல்வெட்டாய்வாளருடன் பகான்: ஒரு பயண ஏற்பாடு பற்றிய மதிப்புரை

யாங்கூனில் இயங்கும் ஒரு பயண நிறுவனம், மியன்மாரின் பழைய தலைநகரான பகானுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமான சுற்றுலாவோடு, தமிழ்நாட்டில் கல்வெட்டாய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரை வழிகாட்டியாக வரவழைத்து, தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனிப் பயணம் ஒன்றை நடத்துகிறது. சாதாரணச் சுற்றுலாவைவிடக் கட்டணம் கணிசமாகக் கூடுதல். கொடுத்த காசு தகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த அறிஞருக்காகக் கொடுத்தது முழுக்கத் தகும், நிறுவனத்தின் ஏற்பாட்டுக்காகக் கொடுத்தது தகாது.

பயணத்தின் மையம், பகானுக்குத் தெற்கே மியின்கபா ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியுடைய இதனை ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் படித்து, கல்வெட்டுகளை வெளியிடும் ‘எபிகிராபியா இந்திகா’ இதழின் 7ஆம் தொகுதியில் வெளியிட்டார். மலைமண்டலத்து (கேரளத்து) மகோதயர் பட்டணத்தைச் சேர்ந்த ஈராயிரன் சிறியான் என்னும் குலசேகர நம்பி, புக்கமான அரிவத்தனபுரத்தில், அதாவது பகானில், நானாதேசி வணிகர் பெயரால் அமைந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு இட்டு, நின்று எரிய நிலைவிளக்கு ஒன்றும் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. தொடக்கத்தில் உள்ள வடமொழிச் செய்யுள் முகுந்தமாலை என்னும் திருமால் துதிநூலைச் சேர்ந்தது. நூலை இயற்றியவர் பெயரும் குலசேகரர், கொடையாளி பெயரும் குலசேகரன் என்பதை வழிகாட்டி சுட்டிக்காட்டியபோது எங்களில் பலரும் கையிலிருந்த கல்வெட்டு நகலை மறுபடி எடுத்துப் பார்த்தோம்.

விளக்கத்தை முதலில் சொல்லிவிடாமல், கல்லிலிருந்து தாளில் மையால் ஒற்றியெடுத்த மைப்படியின் நகலைக் கொடுத்து எங்களையே படிக்க வைத்ததுதான் அவருடைய முறை. செய்யுள், தென்னாட்டில் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருப்பதால் அதை அவரே படித்தார். தமிழ்ப் பகுதியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இல்லை என்ற இரண்டையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கோயில் வகுப்பில் மட்டுமே தமிழ் எழுத்துப் படித்து, வீட்டுக்கு வெளியே பர்மிய மொழியிலேயே புழங்கும் பிள்ளைகள், ‘மணடபமும’ என்று நின்றதை ‘மண்டபமும்’ என்று தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். “ஐயா, இது ‘க’வா, ‘த’வா?” என்று ஒரு பெண் கேட்டதற்கு, “நீயே சொல்லும்மா, பக்கத்து எழுத்தையும் சேர்த்துப் பாரு” என்றாரே தவிர விடையைச் சொல்லவில்லை.

பழைய பகானின் மதிலுக்குள் உள்ள நத்லவுங் சாவுங் என்னும் செங்கல் திருமால் கோயிலில், மாடங்களில் எஞ்சியிருக்கும் அவதாரத் திருமேனிகளைக் காட்டினார். இதுதான் கல்வெட்டில் வரும் விண்ணகரம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் அப்படிச் சொல்ல மறுத்துவிட்டார். கல் கிடைத்தது மதிலுக்கு வெளியே, மியின்கபாவில். கோயில் நிற்பது மதிலுக்குள். இரண்டையும் இணைக்கும் சான்று அந்த வாசகத்தில் இல்லை என்றார். சுற்றுலா வழிகாட்டிகளிடம் இந்த அடக்கத்தை நான் கண்டதில்லை.

மாலையில் விடுதியில் மைப்படி எடுத்துக் காட்டினார். தொல்பொருட்களில் விளையாட்டுக்குக்கூடக் கை வைக்கக்கூடாது என்பதால், பயிற்சிக்கென்று எழுத்து வெட்டிய ஒரு பலகைக் கல்லைப் பயன்படுத்தினார். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, ஈரம் சற்று வற்றியதும் மை தோய்ந்த பஞ்சுப் பொதியால் ஒற்ற ஒற்ற, கருந்தாளில் வெள்ளை எழுத்து எழுந்து வந்தது. அடி பலமானால் தாள் கிழியும், மை மிகுந்தால் எழுத்து அடைபடும். கை பழக ஆண்டுகள் ஆகும் என்றார்.

அதன்பின் தம் பணிவாழ்க்கையைப் பற்றிப் பேசினார். வெயிலில் ஏணிமேல் நின்று அதிட்டானம் என்னும் கோயில் அடித்தளத்தில் உள்ள குமுதப்படையைச் சுற்றி வரி வரியாகப் படியெடுத்ததையும், கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு இயந்திரத்தால் எழுத்து அழிந்துபோவதையும் சொன்னார். ஹுல்ஷ் 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகி, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசையை 1890இல் தொடங்கி, 1903இல் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்துக்குச் சென்றதையும், வெங்கையா போன்ற தமிழறிந்த உதவியாளர்கள் இல்லாமல் அப்பணி நடந்திருக்காது என்பதையும் விளக்கினார். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா என்று ஒரு தகப்பனார் கேட்டபோது, பணியிடங்கள் மிகக் குறைவு, படிக்கப்படாத கற்கள் மிக அதிகம் என்று மழுப்பாமல் சொன்னார். பக்கத்து நாடுகளில் உள்ள வணிகக் குழுக் கல்வெட்டுகளையும் தொட்டார்: தாய்லாந்தின் தக்குவா பாவில் மணிக்கிராமம், சுமத்ராவின் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர். இதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நேரம் எங்கே போயிற்று என்பதுதான் என் குறை. அதே மியின்கபாவில், பாலி, மோன், பியூ, பர்மியம் ஆகிய நான்கு மொழிகளில் பொறித்த மியசேதி கல்வெட்டு இருக்கிறது. வழக்கொழிந்த பியூ மொழியை அறிஞர் பிளாக்டன் 1911இல் படித்தறிய உதவியதே அதுதான். அதன் முன் எங்களை நிறுத்தியது சிறிது நேரம். ஊரின் அரக்குப் பொருள் கடையில் உட்கார வைத்தது அதைவிட வெகுநேரம். அரக்கு வேலை அழகானதே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்வெட்டுப் பயணம் என்று காசு வாங்கிவிட்டு, அறிஞர் பேச்சை நடுவில் நிறுத்தி, “பஸ் காத்திருக்கு” என்று கடைக்கு ஓட்டிச் செல்வது முறையன்று. மைப்படி நகல்களும் எல்லோருக்கும் போதவில்லை. சிலர் பகிர்ந்து படித்தார்கள்.

பதிவு செய்ய விரும்புவோர், கடை நிறுத்தத்தை நீக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். ஓரளவாவது தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அவர்களைவிடச் சிறியவர்களுக்கு மாலை அமர்வு நீளமாக இருக்கும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும், அங்கே போய்க் கேட்டால் கிடைப்பது கடினம்.