கீழ்மலையில் அரபிக்கா காபி: பன்னிரண்டு ஆண்டு வளர்ப்பும் குடிப்பும்

கொடைக்கானல் கீழ்மலையில் காபி வைத்தால் வருமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: நன்றாக வரும், குடகுக் கணக்கைப் பார்த்து வேலை செய்யாத வரை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்புப் பக்கம் 1,200 முதல் 1,400 மீட்டர் உயரத்தில், சிறு தோட்டங்களில் எஸ் 795, சந்திரகிரி, காவேரி என்ற மூன்று அரபிக்கா ரகங்களையும் பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்த்து, பறித்து, வறுத்து, குடித்துப் பார்த்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

குடகிலும் சிக்மகளூரிலும் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை கொட்டும். பறிப்புக் காலம் காய்ந்து கிடக்கும். இங்கே நேர்மாறு. ஜூன், ஜூலையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை, பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதாவது பழம் சிவக்கிற நேரத்தில்தான் நமக்குப் பெருமழை. நடவு எப்போது, மருந்து எப்போது, காயவைப்பது எப்படி என்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் மாறுகிறது. கன்னடப் பகுதிக்கு எழுதிய கையேட்டை அப்படியே பின்பற்றி ஜூனில் நட்ட கன்று, ஆகஸ்டுக்குள் காற்றில் ஆடி வேர் பிடிக்காமல் போவதைப் பல இடங்களில் பார்க்கலாம். இங்கே நடவுக்கு ஏற்றது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி.

ரகம் பற்றி முதலில் முடித்துவிடலாம். எஸ் 795 என்பது 1940களில் வெளிவந்த பழைய ரகம். உயரமாக வளரும், 7 அடிக்கு 7 அடி இடம் கேட்கும். கோப்பையில் இதற்கு இணை மற்ற இரண்டும் இல்லை: இனிப்பும் லேசான மசாலா வாசனையும் அளவான புளிப்பும் சேர்ந்து வரும். குறை, இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி படரும் இலைத்துரு நோய். 2007இல் வந்த சந்திரகிரி குட்டை ரகம், 6 அடிக்கு 6 அடி போதும். இலை தடித்து, துருவை நன்றாகத் தாங்குகிறது, கொட்டையும் பெரிது. காவேரி மூன்றாம் ஆண்டே கிளை ஒடியக் காய்த்து ஆசை காட்டும். நிழலும் உரமும் கொஞ்சம் குறைந்தால் ஐந்தாறு ஆண்டில் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். துருவையும் இப்போது தாங்குவதில்லை. புதிதாக வைப்பவர் முக்கால் பங்கு சந்திரகிரி, கால் பங்கு எஸ் 795 வையுங்கள். காவேரியை மறுபடி நட மாட்டோம்.

காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருப்பதால் விதைக்கு வெளியே அலைய வேண்டாம். காபி விதைக்கு ஆயுள் குறைவு. போன ஆண்டுக் கொட்டையைப் போட்டால் முளைக்காது. டிசம்பர், ஜனவரியில் பாத்தியில் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி ஓர் அங்குல இடைவெளியில் வைத்து, மேலே மெல்லிசாக மணலும் வைக்கோலும் போட்டால் ஏறத்தாழ 45 நாளில் தலைதூக்கும். கொட்டையைத் தொப்பி மாதிரிச் சுமந்துகொண்டு நிற்கும் பருவத்தில் பைக்கு மாற்ற வேண்டும். பை மண்ணுக்கு ஆறு பங்கு காட்டு மண், இரண்டு பங்கு மக்கிய சாணம், ஒரு பங்கு மணல். மாற்றும்போது ஆணிவேர் மடங்கினால் அந்தச் செடி மூன்றாவது, நான்காவது கோடையில் காரணமே தெரியாமல் வாடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கொக்கி போல் வளைந்திருக்கும். நட்டவுடன் தெரியாத பிழை இது, அதனால் இதில் அவசரம் கூடாது. குழி ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். நடும்போது பையின் அடியில் ஓர் அங்குலத்தை, சுருண்ட வேரோடு சேர்த்து அறுத்துவிடுங்கள். காற்றுக்கு ஒரு குச்சி கட்டாயம்.

இனி நிழல். இதில் சிக்கனம் பார்த்தவர்கள்தான் கீழ்மலையில் அதிகம் இழந்திருக்கிறார்கள். முதல் மூன்று ஆண்டுக்கு வாழை நல்ல நிழல். நம் மலையின் விருப்பாச்சி வாழையும் காபியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஆனால் முடிக்கொத்து நோய் கண்ட வாழையைக் கிழங்கோடு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அசுவினி அதைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோகும். வாழை ஒரேயடியாகப் போனால் காபி திடீரென்று வெயிலில் நிற்கும். அதனால் வாழையோடு கூடவே கல்யாண முருங்கைப் போத்துகளை ஊன்றிவிடுங்கள். மேல் நிழலுக்குப் பலா, அத்தி, ஏற்கெனவே நிற்கும் காட்டு மரங்கள். சில்வர் ஓக் மிளகு ஏற்ற நல்ல மரம்தான், விற்றால் காசும் வரும். அதை மட்டுமே வைத்தால் நிழல் போதாது, அதன் இலையும் சீக்கிரம் மக்காது. பட்டர் ஃப்ரூட் அடர்ந்த நிழல் தரும், ஓரங்களில் வைக்கலாம்.

நிழல் எவ்வளவு என்பதற்கு எளிய அளவு: நடுப்பகலில் தரையில் வெயில் காசு காசாக விழ வேண்டும். பாய் விரித்தாற்போல் விழுந்தால் நிழல் போதாது. காசே இல்லையென்றால் அதிகம், பூ குறையும், துரு ஏறும். தெற்கு, மேற்குச் சரிவுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். கல்யாண முருங்கையைக் கோடை மழை பிடித்த பிறகு கழித்துவிட வேண்டும். மார்ச் வெயிலில் மரக்கிளை வெட்டுவது பெரும் தவறு.

காரணம், வெள்ளைத் தண்டு துளைப்பான். இந்த வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடுகிறது. பட்டையின் வெடிப்பில் முட்டை, புழு முதலில் பட்டைக்கு அடியில் சுற்றும், பிறகு கட்டைக்குள் இறங்கும். தண்டைச் சுற்றி வரப்பு போல் மேடு தெரிந்தால், இலை மஞ்சளித்து தொங்கினால், உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். மருந்து ஊற்றி அதைக் காப்பாற்ற முடியாது. இளஞ்செடி ஒரே ஆண்டில் போகும், வயதான செடி சில ஆண்டு இழுத்துக்கொண்டு கிடந்து அடுத்த செடிக்கு வண்டு அனுப்பும். வண்டு பறக்கும் காலம் இரண்டு: ஏப்ரல் முதல் மே வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு தண்டையும் பார்த்து, பிடித்த செடியை வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும். விறகுக்கு என்று வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்தால் வண்டு அதிலிருந்தே வெளியே வரும்.

மற்ற செடிகளுக்கு, தண்டிலும் பருத்த கிளைகளிலும் உரிந்து நிற்கும் பட்டையைத் தேங்காய் நாரோ சாக்குத் துணியோ வைத்துத் தேய்த்து எடுங்கள். பச்சைப் பட்டையில் காயம் படக்கூடாது; அரிவாளின் முதுகால் சுரண்டுவதைப் பார்த்திருக்கிறோம், அது வேண்டாம். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டில் பூசுங்கள். அக்டோபர் மழை இதைக் கழுவிவிடும் என்பதால் இங்கே இரண்டாம் பூச்சு தேவைப்படுகிறது. இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 10 வைக்கலாம். வண்டு நடமாட்டம் தெரியவும் எண்ணிக்கை குறையவும் உதவும், செடியைத் தேடிப் பார்க்கும் வேலைக்கு அது மாற்றாகாது.

காய்த் துளைப்பான் வேறு. இந்தியாவில் அது முதலில் 1990இல் நீலகிரியின் கூடலூரில் தென்பட்டது. இன்று எல்லா மலையிலும் உண்டு. காயின் தொப்புளில் ஊசித் துளை இருந்தால் அதுதான். செடியிலும் தரையிலும் ஒரு பழம் மீதி விடாமல் எடுப்பதே இதற்கு வைத்தியம். துளை விழுந்த பழத்தை மட்டும் கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுங்கள்.

துருவுக்கு அரை சதவீத போர்டோ கலவை. 10 லிட்டருக்கு மயில்துத்தம் 50 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 50 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். சுத்தமான இரும்பு ஆணியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். அன்றைக்கே அடித்து முடியுங்கள். பூவுக்கு முன்பு ஒரு முறை, வடகிழக்கு மழை தொடங்குமுன் செப்டம்பரில் ஒரு முறை. இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஆரஞ்சுப் பொடி இருப்பது அங்கேதான்.

கவாத்து சுருக்கமாக: இரண்டரை அடியில் நுனியைக் கிள்ளுங்கள், பிறகு ஒரு போத்தை மேலே விட்டு ஐந்தடியில் நிறுத்துங்கள். பறிப்பு முடிந்ததும் தண்டிலிருந்து அரையடி வரை உள்ள குறுங்கிளைகளை எடுத்து நடுவே வெளிச்சம் விடுங்கள். நீர்ப்போத்தை ஆண்டுக்கு மூன்று நான்கு தரம் கையாலேயே ஒடிக்க வேண்டியிருக்கும். மண் புளித்துப் போகாமல் பி.எச். 6க்கும் 6.5க்கும் இடையில் இருக்கும்படி இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் பொடி போடுங்கள்; சுண்ணாம்பு குறைந்த மண்ணில் போட்ட உரம் பாதி வீண்.

ஜனவரியிலிருந்து மழையில்லாமல் வறட்சியில் கிடந்த மொட்டு, மார்ச்சிலோ ஏப்ரலிலோ 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் பொலபொலவென்று வெடிக்கும். தூறலோடு நின்றுவிட்டால் மொட்டு இளஞ்சிவப்பாகி அப்படியே கருகும். அந்த நேரத்தில் தண்ணீர் இருப்பவர்கள் வேரில் மட்டும் விடாமல் செடி முழுதும் நனையத் தெளிக்க வேண்டும், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இங்கே பூ இரண்டு மூன்று தவணையாக வருவதால் பழமும் ஒன்றாகச் சிவக்காது; நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கைந்து முறை பறிக்க வேண்டும். முதல் பழங்களை மரநாய் நமக்கு முன்பே ருசி பார்த்திருக்கும். காட்டுமாடு வரும் தடத்தில் இளங்கன்று நடாமல் இருப்பது உத்தமம், அது தின்பதைவிட மிதிப்பதும் உரசி ஒடிப்பதும் அதிகம்.

நல்ல காபி கெட்டுப்போகும் இடம் களம்தான். பறித்த அன்றே பழத்தை உரித்துவிடுங்கள். மிதக்கிற பழத்தைத் தனியே ஒதுக்குங்கள். உரித்த கொட்டையைத் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஊற வைத்தால் வழவழப்பு கழன்றுவிடும், டிசம்பர்க் குளிரில் இன்னும் சில மணி நேரம் கூடும். கையில் அள்ளித் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று சத்தம் கேட்க வேண்டும். அதைத் தாண்டி விட்டால் புளிக்காடி நாற்றம் ஏறும். அது எந்த வறுப்பிலும் போகாது. கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள், குழி எடுத்து இறக்குங்கள். தோலை மக்க வைத்துத்தான் செடிக்குப் போட வேண்டும்.

காயவைக்க, தரையில் தார்ப்பாய் விரிப்பது நம் மழைக்கு உதவாது. அடியிலிருந்து ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். இடுப்புயரத்தில் வலைக் கட்டில், அதன்மேல் வளைவாகக் கட்டிய பாலிதீன் கூரை, இரண்டு பக்கமும் காற்றுக்குத் திறப்பு. இந்தச் செலவு இரண்டு பருவத்தில் திரும்பிவிடுகிறது. மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறுங்கள், மாலையில் மூடுபனி இறங்குமுன் மூடுங்கள். வெயில் இருந்தால் பத்து நாள், மழை பிடித்தால் மூன்று வாரம். கொட்டையை மூடியிருக்கும் பார்ச்மென்ட் என்ற காய்ந்த தோலை உடைத்துக் கொட்டையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. சாக்கில் கட்டிப் பலகைமேல் வையுங்கள், மலைப்பூண்டு மூட்டைக்கும் மிளகுக்கும் பக்கத்தில் வேண்டாம். காபி வாசனையை இழுத்துக்கொள்ளும்.

100 கிலோ பழத்துக்கு அந்தத் தோலோடு காய்ந்த கொட்டை, அதாவது பார்ச்மென்ட், ஏறத்தாழ 20 கிலோ, உரலில் குத்திப் புடைத்தால் 16 கிலோ கொட்டை, வறுத்தால் பதின்மூன்றரை கிலோ. வீட்டு வறுப்புக்குக் கனமான இரும்புச் சட்டியில் கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், கை ஓயாமல் கிளறுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பொரி வெடிப்பது போல் சத்தம் வரும். அது அடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் இறக்கி உடனே முறத்தில் கொட்டி விசிற வேண்டும். சட்டியிலேயே விட்டால் சூட்டிலேயே கருகும். எண்ணெய் மினுமினுக்க வறுத்தால் எஸ் 795இன் வாசனை போய்விடும்.

ஒரு நாள் விட்டு அரைத்தால் டிகாக்ஷன் தெளிவாக இருக்கும். சிக்கரி கலந்த கடைப் பொடியில் காபி 51 சதவீதம் இருந்தாலே போதும் என்பது சட்டம். சொந்தக் கொட்டைக்குச் சிக்கரி 15 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை. சிக்கரியே இல்லாமல் போட்டால் ஃபில்டரில் தண்ணீர் வேகமாக இறங்கி டிகாக்ஷன் நீர்த்துப் போகும், அதற்குப் பொடியை இன்னும் ஒரு படி நைஸாக அரைத்து, மேல் தட்டால் கொஞ்சம் அழுத்தி, 30 கிராம் பொடிக்கு 180 மில்லி வெந்நீரை இரண்டு தவணையாக ஊற்றுங்கள்.