வேர்ட்பிரஸ்: காவல் நன்று, ஓட்டை பிளகினில்

எக்ஸ்எஸ்எஸ் (பிறர் பார்க்கும் பக்கத்தில் தன் ஸ்கிரிப்டை நுழைத்து ஓட்டும் தாக்குதல்) என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் மூல நிரலுக்குத் தாராளமாக மார்க் போடலாம். கமென்ட்டில் ஸ்கிரிப்ட் டேக் வந்தால் சேமிக்கும்போதே கேஎஸ்இஎஸ் என்ற உள் வடிகட்டி அதை நீக்கிவிடும். உள்ளே ஸ்கிரிப்ட் இருக்கக்கூடிய எஸ்விஜி படக் கோப்பை இயல்பாக ஏற்றவிடாது. 2015-ல் 4.2 பதிப்பில் ஒருமுறை சறுக்கியது: 64 கேபியைத் தாண்டிய கமென்ட்டின் வாலை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் வெட்டிவிட, வடிகட்டி சரிபார்த்த எச்டிஎம்எல் உருமாறி ஸ்கிரிப்ட் ஓடியது. 4.2.1-ல் அடைத்துவிட்டார்கள்.

மார்க் குறைவது பிளகின்கள் எனும் கூடுதல் நிரல்களில்தான், அதுவும் ஷார்ட்கோடில் (பதிவில் சதுர அடைப்புக்குள் எழுதினால், பக்கத்தில் எச்டிஎம்எல் ஆக விரியும் குறி). 'கான்ட்ரிபியூட்டர்' (பதிவு எழுதலாம், தானே வெளியிட முடியாது) ஒருவர் பட்டன் ஷார்ட்கோடின் நிறம் என்ற இடத்தில், இரட்டை மேற்கோளை மூடிவிட்டு ஆன்மவுஸ்ஓவர் (மவுஸ் மேலே வந்ததும் ஸ்கிரிப்டை ஓட்டுவது) எழுதுகிறார் என்று வையுங்கள். அதில் டேக் எதுவும் இல்லை, கேஎஸ்இஎஸ் விட்டுவிடும். ஷார்ட்கோட் விரிவது பக்கம் காட்டப்படும்போது. அப்போது வடிகட்டி கிடையாது. பிளகின் எழுதியவர், சுத்தம் செய்யும் சானிடைஸ்_டெக்ஸ்ட்_ஃபீல்ட் ஃபங்ஷனைப் போட்டேனே என்பார். அது டேக்கை நீக்கும், மேற்கோளைத் தொடாது. பக்கத்தில் அச்சிடும் இடத்தில், மேற்கோளைத் தீங்கற்ற குறியாக மாற்றும் எஸ்க்_ஆட்ர் இருந்திருக்க வேண்டும். ஒப்புதலுக்கு வந்த பதிவை அட்மின் முன்னோட்டம் பார்த்து, மவுஸ் பட்டனைக் கடந்தால் போதும்: அவர் அதிகாரத்திலேயே புது அட்மின் கணக்கு உருவாகிவிடும். லாகின் குக்கி எச்டிடிபிஒன்லி (ஸ்கிரிப்ட் படிக்க முடியாதது) என்பதால் திருட முடியாது, உண்மைதான். திருட வேண்டிய தேவையே இல்லையே!

வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலில், 8-ஆம் பதிப்பு முதல், பக்கத்தை அமைக்கும் ட்விக் வார்ப்புருக்கள் தானாகவே எஸ்கேப் செய்கின்றன (மேற்கோள் போன்றவற்றைத் தீங்கற்ற குறிகளாக்குகின்றன), 'ரா' என்று வேண்டுமென்றே எழுதினால்தான் திறக்கும். வேர்ட்பிரஸில் மறந்தாலே திறந்துவிடும். வடிவமைப்பில் ட்ரூபலே மேல்.

இன்னொரு குறை: தனித் தளத்தில் 'எடிட்டர்' பொறுப்பில் இருப்பவரும் வடிகட்டாத எச்டிஎம்எல் எழுதலாம். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டிஸ்அலவ்_அன்ஃபில்டர்ட்_எச்டிஎம்எல் மாறிலியை 'ட்ரூ' ஆக்கினால் நிற்கும். ஆனால் பழைய பதிவுகளைத் திருத்திச் சேமிக்கும்போது அதிலுள்ள ஐஃப்ரேம்கள் (வேறு தளத்தின் பக்கத்தை உள்ளே காட்டும் சட்டங்கள்) காணாமல் போகும். முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளகினைச் சோதிக்க, சோதனைத் தளத்தில் அதன் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் இரட்டை மேற்கோளும் பின்னால் ஏதாவது ஒரு சொல்லும் இட்டுச் சேமியுங்கள். பக்க மூலத்தில் ஆட்ரிபியூட்டுக்குள் (டேக்கின் உள்ளே நிறம் போன்ற மதிப்பு எழுதும் இடம்) அந்த மேற்கோள் அப்படியே தெரிந்தால், பிளகினைக் கழற்றிவிடலாம்.