டூ ஸ்ட்ரோக்கை விட்டுப் பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினேன்: மூன்று ஆண்டு பிரஷ் கட்டர் அனுபவம்

கோத்தகிரியிலிருந்து கீழ்க்கோத்தகிரி போகும் பக்கம், சரிவில், எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. செடி பாய் விரித்ததுபோல் மூடிக்கொண்ட இடத்தில் களைக்கு வெளிச்சம் கிடைக்காது; அங்கே எனக்கு வேலை இல்லை. கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பகுதி, நடைபாதை ஓரம், ஓடைக்கரை ஆகிய இடங்களில்தான் ஐப்பசி மழை முடிந்ததும் புல்லும் புதரும் இடுப்பளவு நிற்கும். கூலிக்கு ஆள் வைத்துக் கத்தியால் வெட்டினால் பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை அதற்கே போய்விடும். களைக்கொல்லி அடிக்க மனம் வரவில்லை. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருப்பவர்கள் மோட்டார் போட்டு எடுக்கிறார்கள். ஆகவே பிரஷ் கட்டர், அதாவது தோளில் மாட்டிப் புல்லும் புதரும் வெட்டும் இயந்திரம்.

முதலில் ஆறு வருடம் ஓட்டியது 52 சிசி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய எஞ்சின். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை; அந்த வகை இயந்திரங்கள் ஒரே உருவத்தில் பத்துப் பெயர்களில் வருகின்றன. வேகம் உண்டு, இழுவை உண்டு. லேண்டனா (உண்ணிச்செடி) புதரைக்கூடத் தயங்காமல் அறுக்கும். தொல்லை கலவையில் இருந்தது. லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு, மகளின் நகப்பூச்சால் கோடு போட்டது. (பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதால் வீட்டில் வேறு பாட்டில் கிடைப்பதும் அரிது.) ஒருநாள் நான் ஊரில் இல்லாதபோது மைத்துனர் உதவி செய்வதாக நினைத்து வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டார். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு வழுவழுப்பு அந்தப் பெட்ரோலோடு வரும் ஆயிலில் இருந்துதான் கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. அவரைக் குறை சொல்ல முடியாது; கேனில் நான் எதுவும் எழுதி வைக்கவில்லை.

செலவு செய்து சரிசெய்தேன். ஆனாலும் மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தது வேறொரு காலையில். மார்கழி மாதம், பனி விலகாத நேரம். ஓடைக்கரையில் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே பாதையில் நின்று என் மனைவி கத்தியிருக்கிறார். ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. கடைசியில் கல்லை எடுத்து என் முன்னால் எறிந்தார். திரும்பிப் பார்த்தால், பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை, புல்லை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது நல்ல மனநிலையில் இருந்தது. கரடியாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. சத்தம் குறைந்த இயந்திரம் என்பது எனக்கு அன்றிலிருந்து சொகுசாகத் தெரியவில்லை.

புதிது வாங்கப் பணம் இடம் கொடுக்கவில்லை. குன்னூரில் ஒருவர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இயந்திரங்களை விற்கிறார் என்று தெரிந்து போனேன். ஹோண்டா ஜிஎக்ஸ் 35 பொருத்திய பிரஷ் கட்டர், 35.8 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் தனியாக, அதற்குரிய அறையில் 100 மில்லி. பெட்ரோல் வெறும் பெட்ரோல். மைத்துனருக்கு ஏற்றது. விலை 11,000 ரூபாய் பேசி முடிந்தது.

பழையதை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, போனதும் முதலில் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பது தெரியாமலே போகும். நான் போனபோது ஜில்லென்று இருந்தது. கயிற்றை மெதுவாக இழுத்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அழுத்தம் வரும். அந்த இடத்தில் கை நன்றாகத் தடைபட வேண்டும். தடைபட்டது. ஆயில் மூடியைத் திறந்தேன்: ஆயில் கறுப்பு, ஆனால் பால் கலந்ததுபோல் இல்லை, அதாவது தண்ணீர் சேரவில்லை. ஏர் ஃபில்டர் பஞ்சு ஆயிலில் ஊறியிருந்தது. விற்றவர் அதை மறைக்கவில்லை, தலைகீழாகச் சாத்தி வைத்ததால் என்றார். கடைசியாக, ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டேன். பிளேடு சுற்றாமல் நின்றது. அப்போதே சுற்றினால் கிளட்ச் போயிருக்கிறது அல்லது ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது பரவாயில்லை, முதலாவதற்குச் செலவு.

எத்தனை மணி நேரம் ஓடியது என்று அவரிடம் கேட்கவே இல்லை. சிறிய எஞ்சினில் மீட்டர் கிடையாது, சொல்வதை நம்ப வேண்டியதுதான். அதற்குப் பதில், ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “போன மழைக்கு முன்னால்” என்றார். தேதி சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

வந்த முதல் மாதத்தில் தவறு செய்தவன் நான்தான். 50 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். தோட்டத்திலேயே, சரிவில் வைத்து மாற்றினேன். எஞ்சின் சாய்ந்திருந்ததால் ஆயில் மட்டம் குறைவாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் ஆலைக் குழாய்போல் வெள்ளைப் புகை. ஃபில்டர் முழுவதும் ஆயில். 100 மில்லி கொள்ளும் இடத்தில் 20 மில்லி கூடினாலே கணக்கு தப்பிவிடும் என்பது அன்று விளங்கியது. மலையில் சமதளம் எங்கே இருக்கிறது? இப்போது வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் மாற்றுகிறேன்; அங்கும் ஒரு பக்கம் தேங்காய் ஓட்டை முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இழுவை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கிறது. இது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. போதாததற்கு எங்கள் உயரம். 300 மீட்டர் ஏறினால் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும் என்பது இந்த எஞ்சின்களுக்கான கணக்கு. எங்கள் தோட்டம் 1,700 மீட்டரை ஒட்டியது. ஆகவே மேட்டுப்பாளையத்துக் கடைக்காரர் தன் கடை வாசலில் ஓட்டிக் காட்டுவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கோத்தகிரி மலைப்பாதை வளைவுகளிலேயே கரைந்துவிடும். டூ ஸ்ட்ரோக்குக்கும் இதே கதிதான், ஆனால் 52 சிசியில் ஆறில் ஒரு பங்கு போனாலும் மிச்சம் இருக்கும். நைலான் கயிறு மாட்டிப் புல் வெட்ட இது தாராளம். தடித்த லேண்டனா தண்டு வந்தால் பிளேடு மாட்டிப் பொறுமையாகப் போக வேண்டும், அவசரப்பட்டால் திணறும். காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோல் கலவை செறிவாகிவிடுவதால் பிளக்கிலும் கரி படிகிறது; மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கழற்றித் துலக்கிவிடுகிறேன்.

எடையும் அப்படித்தான். சிசி குறைந்திருந்தும் முழு இயந்திரம் ஏழு கிலோவுக்கு மேல். வால்வும் கேமும் ஆயில் அறையும் சும்மா வருவதில்லை. முதல் வாரம் வலது தோள் பேசியது. அகலமான தோள்பட்டை வார் தனியாக வாங்கிய பிறகு அடங்கிவிட்டது.

பெட்ரோல் மிச்சம் பற்றி நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள். முன்பு ஒன்றரை லிட்டர் போன வேலைக்கு இப்போது ஒரு லிட்டர் போகிறது. நல்லதுதான், ஆனால் என் அளவு வேலைக்கு அது வருடத்தில் பெரிய தொகை ஆகாது. பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் இருப்பதுதான் அதைவிட முக்கியம். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். மூடுபனியில் இரண்டு மாதம் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பகுதி) தகராறு செய்யும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். மூன்று ஆண்டில் கார்புரேட்டரைத் திறக்க வேண்டி வரவில்லை. மாற்றிய பொருட்கள் ஒரு பிளக், ஒரு ஃபில்டர் பஞ்சு, விறைத்துப்போன பெட்ரோல் குழாய். எல்லாம் கோயம்புத்தூரில் கிடைத்தன. கோத்தகிரியில் குழாய் மட்டும் கிடைத்தது.

அரை ஏக்கருக்கும் குறைவாக, வருடத்துக்கு இரண்டு முறை வெட்டுபவர் இதற்குப் போக வேண்டாம். டூ ஸ்ட்ரோக் இலேசானது, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். புதர் அடர்ந்த நிலத்தைப் புதிதாகத் திருத்துபவருக்கும் அதுவே மேல்.

எனக்கு இதன் சத்தம் போதும். இல்லாமல் இல்லை, காதுக்கு அடைப்பான் வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் முணுமுணுப்புக்கு இறங்கிவிடுகிறது. மேலே பாதையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் “அண்ணா, அந்தப் பக்கம் போகாதீங்க” என்று கூப்பிட்டால் கேட்கிறது. போன தையில் ஒருமுறை அப்படிக் கேட்டுத்தான் மேலே ஏறி வந்தேன்.

பழைய 52 சிசி இன்னும் விறகு அறையில் கிடக்கிறது. மைத்துனர் மூன்று முறை கேட்டுவிட்டார். இந்தப் பொங்கலுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், நகப்பூச்சுக் கோடு போட்ட குப்பியோடு சேர்த்து.