முன்தோல் நீக்கிய பிறகு: 14 மாத அனுபவம்

ஆபரேஷன் முடிந்து 14 மாதம் ஆகிறது. அப்போதே எழுதியிருக்கலாம், ஆனால் முதல் மூன்று வாரத்தில் எழுதியிருந்தால் வெறும் புலம்பலாகத்தான் வந்திருக்கும். எனக்கு 36 வயதில் செய்தார்கள். முன்தோல் இறுக்கம், பைமோசிஸ் என்பார்கள். தோலைப் பின்னால் தள்ளினால் வெடிக்கும், வெடிப்பு ஆறினால் தழும்பு, தழும்பால் இன்னும் இறுக்கம், இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஸ்டீராய்டு களிம்பு போட்டும் கேட்கவில்லை. முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள் (பெரியவர்களுக்குப் புதிதாக இந்த இறுக்கம் வந்தால் அதையும் பார்த்துவிடுவது நல்லது), இல்லை. சரி, சுன்னத் செய்துவிடலாம் என்று முடிவானது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குறியின் அடிப்பகுதியில் மரத்துப்போக ஒரு ஊசி, வலி என்றால் அதுதான் வலி, அப்புறம் மேலே பார்த்துக்கொண்டு படுத்துக்கிடந்தேன். அந்த மரப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும், இறங்குவதற்கு முன்பே மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் "வலிக்கவே இல்லையே" என்று தள்ளிப்போட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் கட்டுப் பிரித்தது. 48 மணி நேரம் கழித்துப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்த காஸ் துணி, காய்ந்த ரத்தத்தோடு தையல் மேல் அப்பளம் மாதிரி விறைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம் என்று இழுத்தேன். முடிச்சு ஒன்று நூலோடு மாட்டிக்கொண்டு வந்தது, சொட்டுச் சொட்டாக ரத்தம். பயந்துபோய் சுத்தமான காஸை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்ததில் நின்றது. நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்க்கக் கூடாது, அதுதான் இதில் கஷ்டமே. மறுநாள் டாக்டர் சொன்னது: ஆறவைத்த வெதுவெதுப்பான நீரில் நனைத்து நனைத்து, தானாக நழுவும் வரை காத்திரு, அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அதற்கப்புறம் சாதாரண காஸைத் தொடவே இல்லை. பாரஃபின் தடவிய காஸ் கிடைக்கிறது, புண்ணில் ஒட்டாது. அது இல்லாவிட்டால் தையல் மேலும் மொட்டின் (குறியின் நுனி) மேலும் வாஸ்லினைத் தாராளமாகத் தடவி மேலே காஸ் வைத்தால் போதும்.

வீக்கம் மூன்றாம் நாள் உச்சம். மொட்டுக்குக் கீழே சைக்கிள் டியூப் மாதிரி ஒரு வளையம், கீழ்ப்பக்கம் தொங்கல் வேறு. இது இப்படியே நின்றுவிடுமோ என்று தூக்கமே வரவில்லை. இதற்கு நிஜமாகவே வேலை செய்தது இறுக்கமான ஜட்டி. குறியை மேல்நோக்கி, வயிற்றோடு படுக்கவைத்து ஜட்டி போட வேண்டும், தொங்கவிட்டால் நீர் கீழே இறங்கி வீக்கம் கூடும். காற்றோட்டமாக விட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து முதல் இரண்டு நாள் ஒன்றும் போடாமல் திரிந்தேன், தப்பு. வளையம் வற்ற இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

அஞ்சாறு நாளில் மொட்டின் மேல் மஞ்சளாக ஒரு படலம் படிந்தது. சீழ் என்று நினைத்து டெட்டால் போட்டுத் துடைக்கப் போனேன், நல்ல வேளையாக முதலில் போன் பண்ணிக் கேட்டேன். அது ஆறும் புண் தானே போட்டுக்கொள்ளும் மூடி, தேய்க்கவே கூடாது. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் புதிதாக முளைக்கும் தோலையும் சேர்த்துக் கொன்றுவிடும். வெறும் நீரை ஊற்றிக் கழுவி, ஒற்றி எடுத்தால் போதும். நாற்றமடிக்கும் சீழ், உடம்பு நோக்கிப் பரவும் சிவப்பு, காய்ச்சல், அழுத்தியும் நிற்காத ரத்தம், சிறுநீர் போகாமல் அடைப்பது, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

அப்புறம் ராத்திரி விறைப்பு. இதைப் பற்றி யாரும் எனக்கு முன்னாடியே சொல்லவில்லை. ஆசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கனவு வரும் தூக்கத்தில் உடம்பு தானாகச் செய்கிற காரியம், ஒரு ராத்திரியில் மூன்று நாலு தடவை கூட வரும். தையலை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பது போல இருக்கும், அலறிக்கொண்டு எழுந்திருப்பீர்கள். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன், பக்கவாட்டில் முழங்காலை மடக்கிப் படுத்தேன். வந்தால் எழுந்து நாலு நடை நடப்பதுதான் சீக்கிரம் அடக்கியது. ஐஸைத் துணியில் சுற்றாமல் வைக்காதீர்கள், மரத்துப்போன தோலுக்கு எரிவது தெரியாது. பத்தாம் நாளுக்கு மேல்தான் விடிய விடியத் தூங்கினேன்.

கரையும் தையல் என்றார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக ஜட்டியில் கிடந்தன. கீழ்ப்பக்கம் இரண்டு மட்டும் போகவே இல்லை. பிடுங்கத் தோன்றும், பிடுங்காதீர்கள். நாலாம் வாரம் டாக்டர் ஒரே வெட்டில் எடுத்தார், வலியே இல்லை.

உறவுக்கு ஆறு வாரம் என்றார்கள். வெளியே பார்க்க ஆறிவிட்டதே என்று நாலரை வாரத்தில் நானும் மனைவியும் அவசரப்பட்டோம், தையல் கோட்டில் நகம் அளவு பிளந்துவிட்டது. அது மூட இன்னும் இரண்டு வாரம். மேல்தோல் மூடினாலும் உள்ளே பலம் பிடிக்க நேரம் ஆகும் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மொட்டின் கூச்சம் முதல் மாதம் பைத்தியமே பிடிக்க வைத்தது, ஜட்டித் துணி உரசினாலே உடம்பு சிலிர்க்கும். மூன்றாம் மாதத்தில் மறந்தே போனேன். உணர்ச்சி குறைந்துவிட்டதா என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். என் விஷயத்தில் வித்தியாசமாக இருக்கிறதே தவிரக் குறையவில்லை, முன்பு வெடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தது போனதே எனக்குப் பெரிது. தழும்புக் கோடு அரை வருஷம் கயிறு மாதிரி தடிப்பாக இருந்து மெல்ல மெத்தென்று ஆனது. கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், அது அப்படியேதான் இருக்கிறது. கீழ்ப்பக்கம், அந்த இரண்டு பிடிவாதத் தையல் இருந்த இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு முடிச்சு இன்னமும் கைக்குத் தட்டுப்படுகிறது. காட்டினேன், தழும்புதான், விடுங்கள் என்றார், விட்டுவிட்டேன்.