பெட்டி ஆமை சுவரோரம் அலைவது எதனால்: பெங்களூரு தோட்ட அடைப்பில் மூன்று மழைக்கால அனுபவம்

வீட்டுக்கு வெளியே, மண் தரையில் பெட்டி ஆமை (ஓட்டைப் பெட்டிபோல் மூடிக்கொள்ளும் அமெரிக்க நில ஆமை) வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதைப் பார்த்திருப்பார்கள். ஒரே சுவரை ஒட்டி முன்னும் பின்னும் நடை. மூலையில் காலை ஊன்றி ஏறப் பார்க்கும், மல்லாந்து விழும், புரண்டு எழுந்து மறுபடி ஏறும். "இடம் போதவில்லை" என்று முடிவுகட்டி அடைப்பைப் பெரிதாக்கிவிடுகிறோம். பல சமயம் அது தப்பான வைத்தியம். எவ்வளவு நடக்கிறது என்பதைவிட எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும். ஒரு நோட்டில் நேரம், இடம், வெயிலா மழையா, தீனி எடுத்ததா என்று நான்கு பத்தி போட்டு இரண்டு வாரம் எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 12 அடிக்கு 6 அடி அடைப்பில், ஓர் ஆமைக்கு மட்டும் பயன்பட்டவை. பாதி இடத்துக்குப் புங்க மர நிழல், பாதிக்குக் காலை வெயில். ஒன்றுக்கு 8 அடிக்கு 4 அடிக்குக் குறைவாக இருந்தால் மற்றதைச் சரிசெய்து பயனில்லை.

முதலில் சுவர். கம்பிவலை அடைப்பு முதல் வருடமே தோற்றது. வலைக்கு அப்பால் பச்சை தெரிகிற வரை அது தடுப்பு என்பது ஆமைக்குப் புரிவதில்லை. மூக்கு நுனி தேய்ந்து சிவக்கும் அளவுக்கு முட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடியும் அப்படித்தான். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு வெளியே எதுவும் தெரியாமல் மறைத்தால் சில நாளிலேயே நடை குறைகிறது. மறைக்க பிளைவுட் போட்டால் செம்மண்ணில் ஒரே மழைக்காலம்தான், கரையான் தின்றுவிடும். பச்சை நிழல்வலையில் நகம் மாட்டும், ஏறவும் பிடிமானம் கிடைக்கும். சிமென்ட் ஷீட் தாங்கியது. கடைசியில் ஹாலோ பிளாக்கே சிறந்தது: மேலே ஒன்றரை அடி, மண்ணுக்குள் ஓரடி. மூலைகளில் இரு சுவரையும் மிதித்து ஏறிவிடும் என்பதால், அங்கே குறுக்காக ஒரு பலகை வைத்து மூலையை மழுக்க வேண்டும். சுவர் உச்சியில் உள்பக்கமாக 4 அங்குல விளிம்பு நீட்டலாம். மேலே வலை மூடி கட்டாயம். காக்கை, பூனை, கீரி, பெருச்சாளி நான்குமே இந்த ஊரில் உண்டு.

புதிதாக வந்த ஆமை நான்கு முதல் எட்டு வாரம் சுவரோரம் அலைவது சாதாரணம். அமெரிக்கக் காடுகளில் இந்த இனம் சில ஏக்கர் பரப்பையே வாழ்நாள் முழுக்கச் சொந்த இடமாக வைத்திருக்கும். தூக்கி வேறிடத்தில் விட்டால் திரும்பிப் போகப் பார்க்கும். ஆகவே அந்தக் காலத்தில் அடைப்பை மாற்றியமைப்பது, தினமும் எடுத்துக் காட்டுவது எல்லாம் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

அடுத்தது வெயில். பெங்களூரு குளுகுளு ஊர் என்ற நம்பிக்கை மார்ச், ஏப்ரலில் ஆமையைக் கொன்றுவிடும். 33, 34 டிகிரி, அதோடு காய்ந்த காற்று. பெட்டி ஆமைக்கு இதமானது 21 முதல் 29 டிகிரி. அதைத் தாண்டினால் சேறு தேடி அலையும். காலை பத்து மணிக்குமேல் நிழலின் ஓரமாக நடந்து, தண்ணீர்த் தட்டின் அடியைத் தோண்டினால் காரணம் இதுதான். செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு கலந்து ஓரடி ஆழம் போட்டு, மேலே நான்கு அங்குலம் சருகு பரப்புங்கள். கோகோபீட் மட்டும் போட்டால் மழையில் கெட்டிப்பட்டுப் புளித்த வாடை வரும். காலை ஆறரைக்குப் பூவாளியால் பத்து லிட்டர், நிழல் பக்கம் மட்டும். முழு அடைப்பையும் நனைத்தால் ஓட்டின் அடியில் அழுகல் வரும். காய்ந்த பக்கம் ஒன்று எப்போதும் வேண்டும். குடிக்கவும் உட்காரவும் ஒன்றரை அடி அகலம், இரண்டு அங்குல ஆழமுள்ள மண் தட்டு, தினமும் புதுத் தண்ணீர். மொட்டை மாடியில் தொட்டி வைத்து வளர்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கான்கிரீட் சூடு மாலை வரை இறங்காது, ஆமைக்கு இறங்கிப் புதைய மண்ணும் இல்லை.

மழை பெய்த காலையில் அடைப்பு முழுக்கச் சுற்றுவது நல்ல அறிகுறி. மண்புழு தேடுகிறது, விட்டுவிடுங்கள். ஆனால் மழைக்காலத்தில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளைத் தின்னவிடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் நத்தை மருந்து போட்டிருந்தால் அந்த நஞ்சு நத்தை வழியாக ஆமைக்கு வரும்.

பெண் ஆமை என்றால் முட்டையை மறக்கவே கூடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆணே இல்லாத அடைப்பிலும் முட்டை வரும். முன்பு இணைந்திருந்தால் விந்தைச் சேமித்து நான்கு வருடம் வரைகூடக் கருவுற்ற முட்டை இடமுடியும். அடையாளம் தெளிவானது: தீனி குறையும், சாயங்காலம் நடை அதிகமாகும், பின்னங்கால்களால் குழி தோண்டும், பாதியில் விட்டு வேறிடம் போகும். முன்னங்காலால் தோண்டினால் புதைய, பின்னங்காலால் தோண்டினால் முட்டைக்கு. வெயில் படும் பக்கம் இரண்டடிக்கு ஓரடி இடத்தில், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், 10 அங்குல ஆழம் கல்லில்லாத மண்ணைச் சற்றுச் சரிவாகக் கொட்டி வையுங்கள். ஓர் ஈட்டுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு முட்டை. இடம் பிடிக்காவிட்டால் அடக்கிவைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் தாண்டியும் அலைச்சல், தீனி இல்லை, பின்பக்கம் முக்குகிறது என்றால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஓட்டுச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை (கணவாய் ஓடு) ஒரு துண்டு எப்போதும் போட்டு வைத்தால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே வேண்டாம். பெண்ணைத் துரத்தும் ஆணையும் தனியாகப் பிரியுங்கள். அலைவது பெரும்பாலும் துரத்தப்படும் ஆமை.

டிசம்பர், ஜனவரியில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது மந்தமாகும். ஆனால் பகலில் 27 வரை ஏறுவதால் அமெரிக்காவில் போல் நீண்ட உறக்கம் இங்கே வராது. காலையில் எழுந்து நடந்து மதியம் தின்றால் போதும். குளிர்பெட்டியில் வைத்துத் தூங்கவைக்கும் யோசனையைத் தொடவேண்டாம்.

நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு இனங்களை வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெட்டி ஆமை சைட்டீஸ் (வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். சமாளிக்க முடியவில்லை என்று அல்சூர் ஏரியிலோ வேறு ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். இது நீந்தும் ஆமை அல்ல.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து அதே நோட்டில் எழுதுங்கள். அலைச்சலோடு பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலோ, கண் வீங்கினாலோ, காதுப் பக்கம் புடைத்தாலோ அடைப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.