டவ்வா, மேனிஃபோல்டா?

மகனைப் பார்க்க டெர்பிக்குப் போகும் மயிலாப்பூர் அத்தை கேட்டார்: "சுத்திப் பார்க்க ஒரு நாள்தான் இருக்குப்பா. எந்தப் பள்ளத்தாக்குக்குப் போகட்டும்?"

அத்தை சொல்வது டவ், மேனிஃபோல்ட் ஆறுகளின் பள்ளத்தாக்குகளை. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறுகள் இவை. இரண்டும் ஆக்ஸ் எட்ஜ் மேட்டருகே பிறந்து, ஐலம் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒன்று சேர்கின்றன.

டவ் பேர்போனது. தெளிந்த தண்ணீர், மிதித்துக் கடக்கும் கற்கள், மேலே 287 மீட்டர் உயர தார்ப் கிளவுட் குன்று. ஆனால் கோடை விடுமுறையில் நம் மெரினாவின் ஞாயிறு சாயங்காலம் போலத்தான். கல்லில் கால் வைக்கவே வரிசை.

மேனிஃபோல்ட் விசித்திரமானது. மழையில்லாத நாட்களில் வெட்டன் மில் என்ற இடத்துப் பக்கம் ஆறே காணாமல் போய்விடும்! மழைநீரில் கலந்த கரியமிலவாயு சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உண்டாக்கிய விரிசல்களுக்குள் ஆற்றுத் தண்ணீர் இறங்கி, பூமிக்கடியில் ஓடி, ஐலமில் மறுபடி வெளியே வரும். (கூவத்துக்கு இந்த வித்தை தெரிந்தால் தேவலை.) பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் தார்ஸ் குகைக்கு ஏறுவது சிரமம். ஆனால் 1904 முதல் 1934 வரை குட்டி ரயில் ஓடிய தடம் இப்போது தார் போட்ட பாதை. முழங்கால் வலிக்காரர்களுக்கு வரம்.

என் ஓட்டு மேனிஃபோல்டுக்கு. அத்தைக்கோ அந்தக் கற்கள்மேல் நின்று போட்டோ எடுக்க வேண்டுமாம். சரி, காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள் என்றேன்.