தோடர் எருமை வெண்ணெய் என்று மஞ்சள் கட்டி விற்கிறார்கள்: கிறிஸ்துமஸுக்குச் சுடுபவர்கள் கவனியுங்கள்

நீலகிரியில் கிறிஸ்துமஸுக்குக் குக்கீஸ் சுடுகிற எல்லோருக்கும் இது. குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிப் பக்கம் ஒருவர் வீடு வீடாக வந்து, "தோடர் எருமை வெண்ணெய், மந்துலேருந்து நேரா வருது" என்று சொல்லி ஆர்டர் எடுக்கிறார். தோடர்கள் நீலகிரியின் பழங்குடியினர், மந்து அவர்களுடைய குடியிருப்பு. அவரிடம் ஆர்டர் கொடுக்காதீர்கள். அவர் எனக்குக் கொண்டுவந்து போட்டது எருமை வெண்ணெய் இல்லை. என் அடுப்பில் வைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன், அது வெண்ணெயே இல்லை.

நான் குன்னூரில் வீட்டிலேயே ஆர்டருக்குச் சுடுகிறேன். டிசம்பரில் பாதி வேலை சுகர் குக்கீஸ்தான். நட்சத்திரம், மணி, கிறிஸ்துமஸ் மரம் என்று வெட்டி, மேலே ஐசிங் போட்டு, கேரல் பாட வருகிறவர்களுக்குத் தட்டில் வைக்கக் கேட்பார்கள். கடையில் கிடைக்கிற மொறுமொறு பிஸ்கட் இல்லை இது, கடித்தால் மெத்தென்று இருக்க வேண்டும். அந்தப் பதம் முழுக்க வெண்ணெயில் இருக்கிறது. மைதாவிலும் முட்டையிலும் சர்க்கரையிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சமாளித்துவிடலாம். வெண்ணெய் சரியில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

மாதிரிக்கு அவர் கொடுத்தது ஒரு சின்ன உருண்டை. வெள்ளை வெளேரென்று, லேசான மோர் வாசனையோடு இருந்தது. அது அசல், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. கிலோ 750 ரூபாய் என்றார். சீசன் நேரம், முன்பணம் கொடுத்தால்தான் மந்தில் எடுத்து வைப்பார்கள் என்று சொல்லி முழுத் தொகையையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, "சரக்கோட தர்றேங்கக்கா" என்றார்.

வந்த சரக்கு பட்டர் பேப்பரில் சுற்றிய கட்டிகள். பேப்பரில் பெயர் இல்லை, தேதி இல்லை, எதுவும் இல்லை. பிரித்தால் அடர் மஞ்சள்.

"தம்பி, மாதிரி வெள்ளையா இருந்துச்சே?"

"மழைக்கு அப்புறம் புல்லு நல்லா தழைச்சிருக்குங்கக்கா. அதான் நிறம் ஏறியிருக்கு."

இந்தப் பதில்தான் ஆபத்தானது, ஏனென்றால் கேட்டால் நியாயமாகத் தோன்றும். பச்சைப் புல்லில் கரோட்டின் இருக்கிறது, அது பாலின் கொழுப்பில் சேர்ந்து வெண்ணெய் மஞ்சளாகும் என்பது உண்மைதான். ஆனால் அது பசு மாட்டுக்கு. எருமை, தின்ற கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. எவ்வளவு பச்சை தின்றாலும் எருமை வெண்ணெய் வெள்ளைதான். எருமை வெண்ணெய் என்று சொல்லி யாராவது மஞ்சளாக எதையாவது நீட்டினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அவரிடமும் இதைச் சொன்னேன். "தோடர் எருமை வேற ரகம்ங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். பில்லும் தரவில்லை.

ஆர்டர் தலைக்கு மேல் இருந்ததால் அன்று மாலையே சோதனைக்கு ஒரு தட்டு சுட்டேன். சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது நன்றாகத்தான் பொங்கியது. மைதா போட்டுப் பிசைந்து திரட்டும்போது மாவு சேரவே இல்லை. நட்சத்திரத்தின் முனைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, அடியில் விரித்த தாளில் எண்ணெய் கசிந்தது. காரணம் இதுதான்: வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் மைதாவைச் சேர்த்துப் பிடிக்கிறது, ஓவனில் ஆவியாகிக் குக்கீயை மெத்தென்று ஆக்குகிறது. எனக்கு வந்தது வனஸ்பதி, அதாவது டால்டா மாதிரி கெட்டியாக்கிய தாவர எண்ணெய் என்றுதான் நினைக்கிறேன். அதில் தண்ணீரே கிடையாது.

175 டிகிரியில் வைத்து, ஓரம் மட்டும் சிவந்ததும் வெளியே எடுத்தேன். பார்வைக்கு அழகாக இருந்தது. வாயில் போட்டால் அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கொண்டது, சூடாக டீ குடித்தும் போகவில்லை. நல்ல வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், நம் உடம்புச் சூட்டுக்கே வாயில் கரையும். வனஸ்பதியில் அதற்கு மேல் சூடு கேட்கிற வகைகள் இருக்கின்றன. ஐசிங்கில் இன்னும் மோசம், ஏனென்றால் அதைச் சுடுவதே இல்லையே.

அப்புறம் செய்ததுதான் முக்கியம், எல்லோர் வீட்டிலும் செய்யக்கூடியது. ஒரு கரண்டி எடுத்து இரும்புச் சட்டியில் சிறு தீயில் உருக்கினேன். நெய் உருக்கிய எவருக்கும் தெரியும், வெண்ணெய் உருகும்போது சும்மா இருக்காது. சடசடவென்று பேசும், மேலே நுரை கட்டும், தண்ணீர் வற்றியதும் அடங்கும், அடியில் கசண்டு தங்கிச் சிவக்கும், வீடே மணக்கும். இது சத்தமே இல்லாமல் உருகிக் கண்ணாடி போலத் தெளிந்து நின்றது. நுரை இல்லை, கசண்டு இல்லை. ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டேன், கீரை பொரிந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆறின பிறகு முகர்ந்தால் மிட்டாய்க் கடை எசன்ஸ் வாசனை. ஆனால் ஒன்று, வெண்ணெய்க்குப் பதிலாக விற்கும் மார்ஜரின் என்ற செயற்கைக் கொழுப்பில் தண்ணீர் உண்டு, அதுவும் சடசடக்கும். சத்தத்தை மட்டும் நம்பாமல் கசண்டையும் மணத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சந்தைக்கு வரும் ஒரு தோடர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்பட்டதைப் பார்த்து எனக்கு இன்னும் வலித்தது. "எங்க எருமையே கொஞ்சம்தான் இருக்கு. அந்தப் பாலு எங்க வீட்டுக்கும் கோயிலுக்கும் பத்தல. கட்டி கட்டியா யாரு குடுப்பா?" என்றார். தோடர்களே சுமார் இரண்டாயிரம் பேர்தான் இருப்பார்கள். எருமையும் பால் மனையும் அவர்களுக்கு வழிபாட்டோடு சேர்ந்தவை. புல்வெளியெல்லாம் சீகை மரமும் தேயிலையுமாகப் போன பிறகு மந்தைகள் சுருங்கிவிட்டன. அப்படிப்பட்டவர்கள் பெயரை ஒட்டி எசன்ஸ் கலந்த கொழுப்பை விற்பதை என்னால் பணத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

விற்றவருக்குப் போன் போட்டேன். முதலில், "மலையில சுட்டா குக்கீஸ் அப்படித்தான் வரும்" என்றார். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் சமவெளிக் குறிப்பில் இருக்கும் பேக்கிங் பவுடரில் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவேன். உயரத்தால் குக்கீ அதிகம் உப்பலாம், பரவலாம், காயலாம். அண்ணத்தில் கொழுப்பு ஒட்டாது. அதைச் சொன்னதும், "பேக்கரிக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க, நீங்க மட்டும்தான் குறை சொல்றீங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. ஆர்டர்களை பாக்கெட் வெண்ணெயில் சுட்டுக் கொடுத்தேன், லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

உங்களிடம் யாராவது வந்தால் முன்பணம் வேண்டாம். சரக்கு கைக்கு வந்து, அவர் நிற்கும்போதே ஒரு கரண்டி உருக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அசல் விற்கிறவர் அந்த ஐந்து நிமிஷம் காத்திருப்பார். பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அல்லது பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லை என்றால் வாங்கவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குகிற யாரும் கட்டணம் கட்டிப் பொருளை ஆய்வுக்கு அனுப்பலாம். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் வனஸ்பதியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. நெய்யில் கலந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்றே வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லி நம் நாட்டில் விதி இருக்கிறது. அமிலச் சோதனையில் அது சிவந்து நிற்கும். வீட்டில் அமிலத்தோடு முயற்சி செய்யாதீர்கள், சட்டியே போதும். பொய்யான பெயரில் விற்றால் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்துவிட்டேன், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கட்டியைப் பேப்பரோடு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். பில் இல்லாத ஒருத்தியின் புகாரை விட, ஒரே ஆளிடம் ஏமாந்த நாலைந்து பேரின் புகாருக்குக் கனம் அதிகம். இதே மாதிரி மஞ்சள் கட்டி வாங்கியவர்கள் சமைத்துத் தீர்த்துவிடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். சுற்றிய பேப்பரோடு படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சேர்ந்தே போய்க் கொடுப்போம்.